அடைப்புக்குறிக்குள் ஒருத்தி

என் இடது கை மோதிர விரலின் நுனி கொஞ்சம் சப்பையாக இருக்கும். யாராவது கேட்டால், மீன் வெட்டும்போது கத்தி பட்டுவிட்டது என்பேன். அது பொய். இப்போது நான் எழுதப் போவதுதான் நடந்தது. தையல் போட்ட டாக்டர் சாட்சி. மெஷின் பழுதுபார்க்க வந்த தூ என்பவர் சாட்சி. என் கணவரும் சாட்சிதான். ஆனால் அவரிடம் கேட்காதீர்கள். இதைப் பேய்க் கதை என்று அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் நள்ளிரவு வராது. எல்லாம் பகலில், ட்யூப்லைட் வெளிச்சத்தில் நடந்தது. பகலில் வருவதுதான் மோசம். விடிந்தால் போய்விடும் என்று காத்திருக்க முடியாது.

என் பெயர் ரூ-யின். தாய்ச்சுங் நகரத்துக்கு வடக்கே ஃபெங்யுவான் என்கிற ஊரில், எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டிய ஒரு சந்தில் இருக்கிறோம். சந்து முழுக்கக் கீழே பட்டறை, மேலே குடித்தனம். என் கணவர் கோ ஜெங்-மவ். எல்லோரும் ஆ-மவ் என்பார்கள். சைக்கிள் சக்கரத்தின் நடுவில் வருகிற அலுமினிய ஹப் கடைந்து கொடுப்பது எங்கள் தொழில்.

கல்யாணத்துக்கு முன் நான் ஒரு சைக்கிள் கம்பெனியில் அளவு பார்க்கும் பிரிவில் இருந்தேன். பட்டறைகளிலிருந்து வரும் உருப்படிகளை மைக்ரோமீட்டரில் அளந்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆ-மவ் கொண்டு வந்ததில் ஒன்றைக்கூட என்னால் திருப்பி அனுப்ப முடிந்ததில்லை. அத்தனை சுத்தம். முதலில் அந்த வேலையைத்தான் எனக்குப் பிடித்தது. மனிதரை அப்புறம்தான்.

அவருக்கு நான் இரண்டாவது மனைவி. முதல் மனைவி பாவ்ஜூ நோயில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து என்னைக் கட்டினார். மாடியில் சாமி மேசைமேல் முன்னோர்களோடு அவள் படமும் இருக்கிறது. தினமும் காலையில் நான்தான் ஊதுபத்தி ஏற்றுவேன். இரண்டாவதாக வந்தவள் அதைச் செய்வது எங்கள் வழக்கம். அதில் எனக்கு வருத்தமே இருந்ததில்லை. படத்தில் இருப்பவள்மேல் யாருக்குப் பொறாமை வரும்?

எனக்குப் பொறாமை வந்தது கீழே, பட்டறையில்.

பட்டறையில் நாலு சி.என்.சி. லேத் உண்டு. அலுமினியக் கம்பியைச் சக் என்கிற பிடி கவ்விக்கொண்டு சுற்றும். கத்தி கிட்டே வந்து சீவும். கத்தி எங்கே போக வேண்டும், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பதை வரி வரியாக எழுதிக் கொடுத்தால் மெஷின் அப்படியே நடக்கும். தப்பாக எழுதிக் கொடுத்தாலும் அப்படியே நடக்கும். நாலில் பழையது மூன்றாம் நம்பர். பச்சை பெயிண்ட் உரிந்து, திரை ஓரத்தில் மஞ்சளித்துப் போயிருக்கும். எனக்கு வேலை கற்றுக்கொடுக்க ஆ-மவ் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்.

"உருப்படியோட முகம்தான் பூஜ்யம்" என்றார் முதல் நாள். "அங்கேருந்து சக் பக்கம் போனா மைனஸ். நம்ம பக்கம் வந்தா பிளஸ். எதை மறந்தாலும் மைனஸை மறக்காதே. புள்ளியையும் மறக்காதே. புள்ளி ஒரு இடம் தள்ளிப் போச்சுன்னா கத்தி போய் சக்குல முட்டும். அப்புறம் அழுது பிரயோஜனமில்ல."

நன்றாகச் சொல்லிக் கொடுத்தார். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் எதைச் சொன்னாலும் அதற்கு வால் மாதிரி ஒரு பெயர் வந்தது. வேகமாக நகர்த்தும் வரிக்கும் வெட்டும் வரிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட வேண்டும், பாவ்ஜூ அப்படித்தான் விடுவாள். புது புரோகிராமை முதலில் கம்பி இல்லாமல் வெறும் காற்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும், பாவ்ஜூ ஓட்டாமல் விடமாட்டாள். கடைசிச் சீவலை மெல்லியதாக எடுக்க வேண்டும், பாவ்ஜூவின் கை அதில் சுத்தம்.

தொழிற்பயிற்சி வகுப்புக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தது அவள்தான். அவருக்கே அவள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் நம்பரில் இருந்த அத்தனை புரோகிராமும் அவள் எழுதியவை. கம்பெனியில் மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு நான் மயங்கினேனே, அந்தச் சுத்தமான வேலை... அதுவும் அவளுடையதுதான். கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்கு அது தெரிந்தது.

மெஷின் பலகையில் சில பொத்தான்களில் எழுத்தே அழிந்து போயிருந்தது. அவள் விரல் பட்டுப் பட்டு அழிந்தது. நான் அழுத்தும்போதெல்லாம் அவள் விரலின்மேல் என் விரலை வைப்பது போல இருக்கும்.

ஆ-மவ்வின் தங்கை ஷூ-ச்சின் தினமும் வந்து உருப்படிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்குவாள். நல்லவள்தான். ஆனால் அவள் வாயில் 'அண்ணி' என்றால் பாவ்ஜூ. நான் வெறும் ரூ-யின். "அண்ணி மெஷின்கிட்ட கொஞ்சிப் பேசுவாங்க ரூ-யின். நீ என்னடான்னா அதட்டுறே. அதான் உனக்கு மட்டும் அலாரம் அடிக்குது" என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள். நானும் சிரிப்பேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாமல் போனது ஒரே ஒரு வரியை.

புரோகிராமில் அடைப்புக்குறிக்குள் எதை வேண்டுமானாலும் எழுதலாம். மெஷின் அதைப் படிக்காது. தாண்டிப் போய்விடும். ஓட்டுகிற ஆளுக்கு நினைவூட்ட மட்டும்தான் அது. 'இங்கே கத்தியை மாற்று', 'இங்கே அளந்து பார்' என்று எழுதுவார்கள். அந்தப் பழைய மெஷினில் சீன எழுத்து கிடையாது. அதனால் நம் பேச்சை ஆங்கில எழுத்தில் ஓசைப்படி எழுத வேண்டும்.

பாவ்ஜூ எழுதியிருந்தாள்... 'ஆ-மவ், டீ குடி.'

ஒரு நீளமான சீவல் தொடங்கும் இடத்தில் அது இருந்தது. கத்தி பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒரு கோப்பை குடிக்க நேரம் இருக்கும். அவளுடைய எல்லாப் புரோகிராமிலும், அதே மாதிரி இடத்தில், அதே வரி. அந்த வரி திரையில் மேலேறி வரும்போதெல்லாம் என் கணவர் கையைத் துடைத்துக்கொண்டு ஓரத்து ஸ்டூலுக்குப் போவார். மாடியிலிருந்து கொண்டு வந்த பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடிப்பார். மெஷின் படிக்காத வரியை அவர் படித்தார். இத்தனை வருஷம் கழித்தும் படித்தார்.

நான் மாடியிலிருந்து இறங்கி வந்து "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டால் மட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பார்.

அந்த வருஷம் ஏழாம் மாதம் பிறந்தது. பேய்கள் வெளியே உலவும் மாதம் என்று சந்தில் எல்லோரும் வாசலில் மேசை போட்டுப் படையல் வைத்தார்கள். நானும் வைத்தேன். நாலு மெஷின்மேலும் 'சமர்த்தாக இரு' என்று பெயர் போட்ட பச்சைப் பொட்டல நொறுக்குத்தீனியைப் புதிதாக வாங்கி வைத்தேன். மெஷின் மக்கர் பண்ணாமல் இருக்க எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். மறுநாள் காலை மூன்று பொட்டலங்கள் இருந்த இடத்தில் இருந்தன. மூன்றாம் நம்பரில் வைத்தது மட்டும் தரையில் கிடந்தது. எடுத்து வைத்தேன். அடுத்த நாளும் தரையில். ஷூ-ச்சின் ஒன்று வாங்கி வந்து வைத்தாள். அது விழவில்லை.

அன்றைக்குத்தான் அந்த வரியை அழித்தேன்.

ஆ-மவ் வெளியே போயிருந்தார். அவர் அதிகம் ஓட்டுகிற புரோகிராமை எடுத்து, அடைப்புக்குறியோடு சேர்த்து அழித்துவிட்டேன். மற்ற வரிகளைத் தொடவில்லை. அவர் திரும்பி வந்து ஓட்டினார். அந்த இடம் வந்தது. போனது. கையைத் துடைக்கவில்லை. ஸ்டூல் பக்கம் போகவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சந்தோஷத்தில்தான்.

மறுநாள் காலை அந்த வரி அங்கே இருந்தது.

'ஆ-மவ், டீ குடி.'

யார் செய்திருப்பார்? அவர்தான். வேறு யார்? நான் எழுந்திருக்கும் முன் இறங்கி வந்து, செத்துப் போனவளின் வரியைத் தானே உட்கார்ந்து அடித்திருக்கிறார். அந்த எரிச்சலில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது. ஒரு விடிகாலையில் விழித்துக்கொண்டே படுத்து அவரைக் காவல் காத்தேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டார். வெளிச்சம் வந்ததும் அவரை எழுப்பாமல் கீழே போய், மெயின் சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன்.

வரி இருந்தது.

மெஷின் பலகையில் ஒரு சின்னச் சாவி உண்டு. அதைத் திருப்பி எடுத்துவிட்டால் புரோகிராமில் யாரும் கை வைக்க முடியாது. ஓட்ட மட்டும்தான் முடியும். வரியை அழித்துவிட்டு அந்தச் சாவியை எடுத்தேன். கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை.

காலையில் போய்ப் பார்த்தேன்.

அந்த வரி இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது.

'ரூ-யின், சாவி.'

அவ்வளவுதான். கேள்வியா, கேலியா, ஒன்றும் தெரியவில்லை. அழிந்து போன பொத்தான்களைப் பார்த்தேன். இன்புட் பொத்தானின்மேல் ஈரம் இருந்தது. விரல் வைத்து எடுத்த அளவுக்கு ஈரம்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கோவிலுக்குப் போயிருப்பீர்கள். நான் போகவில்லை. பயத்தைவிட எனக்குக் கோபம்தான் முன்னால் நின்றது. இவள் எத்தனை நாள் என் வீட்டில் இருப்பாள்? எனக்குச் சோறு போட்டு, எனக்குப் பக்கத்தில் படுக்கிற மனிதருக்கு இவள் எதற்கு டீ கொடுக்க வேண்டும்?

புயல் வந்தது. கடைகள், பள்ளிக்கூடம், கம்பெனி எல்லாவற்றுக்கும் விடுமுறை என்று அறிவித்தார்கள். மத்தியானம் ஷூ-ச்சின் போன் செய்தாள், வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று. ஆ-மவ் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பட்டறைக்குப் போகாதே, ஷட்டரைத் திறக்காதே என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

அவர் ஸ்கூட்டர் சத்தம் மறையும்வரை இருந்தேன். பிறகு கீழே இறங்கினேன்.

மெயினைப் போட்டேன். மற்ற மூன்றையும் விட்டுவிட்டு மூன்றாம் நம்பரை மட்டும் எழுப்பினேன். கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிச் செருகினேன். ஒரு வரியை அழித்தால்தானே திரும்ப வருகிறாள்? எல்லாவற்றையும் அழித்துவிட வழி இருக்கிறது. அதை ஆ-மவ்தான் சொல்லிக் கொடுத்திருந்தார், செய்யவே கூடாது என்று சொல்லி. செய்தேன். திரையில் புரோகிராம் பட்டியல் ஒரு தடவை துடித்தது.

பிறகு காலி.

அவள் எழுதிய எல்லாம் போனது. ஒரு எண்கூட இல்லை. வெளியே காற்று ஷட்டரைப் போட்டு உலுக்கியது. கட... கட... கட... எனக்கு அது கைதட்டல் மாதிரி கேட்டது.

என்னுடையதை எழுதினேன். மனப்பாடமாக வைத்திருந்தேன். பூஜ்யத்திலிருந்து தொடங்கி, மைனஸை மறக்காமல், புள்ளியை மறக்காமல். சின்ன புரோகிராம்தான். ஒரு முனையைச் சீவி, ஒரு படி வைத்து, முடிக்கும். மேலே அடைப்புக்குறிக்குள் என் பெயரை எழுதினேன். ரூ-யின். முதலில் கம்பி இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். பிறகு அலுமினியக் கம்பியைச் சக்கில் பிடித்து, ஒவ்வொரு வரியாக நின்று நின்று ஓட்டும்படி வைத்து, பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

சக் சுற்றியது. கத்தி வந்தது. சீவியது. சுத்தமாக இருந்தது. எங்கெங்கே தப்பு வரும் என்று பயந்தேனோ, அங்கெல்லாம் சரியாக வந்தது. அவர் திரும்பி வந்ததும் இதைக் கையில் கொடுக்க வேண்டும், இது யாருடைய வேலை என்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சீவியதில் நீளமான ஒரு சுருள், கத்திகளைத் தாங்கிச் சுழலும் கத்தித் தலையில் சுற்றிக்கொண்டது. சக்கை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன். கதவு திறந்திருந்தால் மெஷின் அசையாது. அதற்கென்றே ஒரு பூட்டு இருக்கிறது. அவசரத்துக்கு அந்தப் பூட்டைச் செயலிழக்கச் செய்கிறவர்கள் உண்டு. ஆ-மவ் ஒருநாளும் அதற்கு விட்டதில்லை. சுருளை இழுத்து எடுக்கிற கொக்கியைத் தேடச் சோம்பல். இடது கையை உள்ளே விட்டேன்.

டக்.

பொத்தான் சத்தம்.

டக்... டக்.

காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். தலையைத் திருப்பினேன். பலகை எனக்கு வலது பக்கம். அங்கே யாரும் இல்லை. ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. நன்றாகத் தெரிந்தது. யாரும் இல்லை.

திரையில் என் புரோகிராம். கடைசி வரிக்குக் கீழே ஓர் அடைப்புக்குறி திறந்திருந்தது.

டக்.

ஓர் எழுத்து வந்தது.

டக்.

இன்னொன்று.

என் பெயர்.

மெதுவாக வந்தது. அவசரமே இல்லாமல்... வேலை தெரிந்த ஆள் அடிப்பது போல. இன்புட் பொத்தான் தானாக உள்ளே அமுங்கி எழுந்ததை நான் பார்த்தேன்.

'ரூ-யின், கை.'

என் கை அப்போதும் உள்ளேதான் இருந்தது.

இழுத்தேன்.

டடக்.

கத்தித் தலை சுழன்றது. கதவு திறந்திருக்கும்போதே சுழன்றது. அடுத்த கத்தி வந்து நின்ற இடத்தில்தான் ஒரு நொடி முன்புவரை என் உள்ளங்கை இருந்தது. விரல் நுனியை மட்டும் சீவிக்கொண்டு போனது. வலி தெரியவில்லை. அலுமினியத்தின்மேல் சிவப்பாகச் சொட்டுவதைப் பார்த்தேன்.

மின்சாரம் போனது.

திரை இருண்டது. மணி மூன்று இருபது. சுவர்க் கடிகாரம் பேட்டரியில் ஓடுவது. அது மட்டும் கேட்டது. ஷட்டர் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

நகர முடியவில்லை.

ஒரு வாசனை வந்தது.

ஊலாங் டீ.

திரும்பிப் பார்த்தேன். ஓரத்து ஸ்டூலில்... அவருடைய கோப்பை. விளிம்பு வரை. ஆவி வந்துகொண்டிருந்தது. கீழே அடுப்பு கிடையாது. தண்ணீர் கொதிக்க வைக்கிற கெட்டிலும், வேலை இல்லாத நாள் என்பதால் பிளாஸ்கும் மாடியில்தான் இருந்தன. அன்று காலையிலிருந்து நான் அவற்றைத் தொடவில்லை.

கையைத் துணியில் சுற்றிக்கொண்டு, ஷட்டரில் முதுகை வைத்துத் தரையில் உட்கார்ந்தேன். எழுந்து மாடிக்குப் போயிருக்கலாம். ஆனால் மாடிப்படி மூன்றாம் நம்பரைத் தாண்டித்தான் இருக்கிறது.

ஆ-மவ் வந்தபோது வெளிச்சம் முழுக்கப் போயிருக்கவில்லை. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். தரையில் ரத்தத்தைப் பார்த்தார். என் பக்கம் ஓர் அடி வைத்தார். அப்புறம் நின்றுவிட்டார். அவருக்கும் வாசனை வந்திருக்க வேண்டும்.

அவர் முதலில் போனது என்னிடம் இல்லை. ஸ்டூலுக்கு. கோப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடா இருக்கு" என்றார்.

நான் கீழே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

"தொடாதீங்க" என்றேன். "நான் வைக்கல."

"தெரியும்."

கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தார். நின்றபடியே குடித்தார். கடைசிச் சொட்டு வரை. அதற்கு அப்புறம்தான் வந்து என் கையைப் பிரித்துப் பார்த்தார். பதறினார், திட்டினார், தூக்கிக்கொண்டு ஓடினார். எல்லாம் செய்தார். அதற்கு அப்புறம்தான்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். எலும்பு தப்பியது. இன்னும் அரை நொடி தாமதித்திருந்தால் மணிக்கட்டு வரை போயிருக்கும் என்றார் டாக்டர். யாராவது எச்சரித்தார்களா என்று கேட்டார். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். காப்பாற்றினாளா, வெட்டினாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கத்தித் தலையை யார் சுழற்றினார்கள் என்றும் தெரியாது. ஒருத்தியே இரண்டையும் செய்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். மூன்றாம் நம்பர் போக வேண்டும், இல்லையென்றால் நான் போகிறேன். ஷூ-ச்சின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். விற்றுவிடலாம் என்றார். குரலில் ஒன்றும் இல்லை. மெஷினைப் போட்டுப் பார்த்தார். எல்லாம் திரும்ப வந்திருந்தது. பாவ்ஜூவின் புரோகிராம்கள் ஒன்று விடாமல், வரிசை மாறாமல். 'ஆ-மவ், டீ குடி' உட்பட. நான் எழுதியது மட்டும் இல்லை. எனக்கு வந்த இரண்டு வரிகளும் இல்லை. அன்று நான் கடைந்த உருப்படி சக்கிலேயே இருந்தது. அதை அவர் கழற்றி, அளக்காமல் கழிவுப் பெட்டியில் போட்டார்.

விற்பதற்கு முன் ஒரு தடவை சரிபார்க்க தூவைக் கூப்பிட்டோம். தூ எங்கள் பக்கத்தில் பழைய மெஷின்களுக்கெல்லாம் வைத்தியர். வாயில் வெற்றிலைப்பாக்கோடு வந்தார். கதவுப் பூட்டைப் பார்த்தார். சரியாக இருக்கிறது, கதவு திறந்தால் அசையாது என்றார். ஐந்தாறு தடவை சோதித்தும் காட்டினார். பிறகு பின்பக்கப் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தார்.

"ஆ-மவ், ராத்திரி இதை எப்படி விடுவே? கரண்ட் இருக்குமா?"

"மெயினையே அணைச்சிடுவோம். எப்பவும் அப்படித்தான்."

"தினமுமா?"

"தினமும்தான். ஏன்?"

தூ எங்களைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே பேட்டரிகள் இருந்தன. பச்சை பூத்து, வீங்கி, வெடித்து, ஒழுகி, ஒழுகியதும் காய்ந்து கல்லாகியிருந்தது. இந்த மாதிரிப் பழைய மெஷினில் மெயினை அணைத்த பிறகு ஞாபகத்தைத் தாங்கி நிற்பது அந்தப் பேட்டரிதான் என்று விளக்கினார். அது செத்தால், கரண்ட் போன கணமே எல்லாம் போய்விடும். புரோகிராம் மட்டும் இல்லை. கத்தி அளவுகள், பூஜ்யம் எங்கே என்கிற கணக்கு, மெஷின் தன்னை ஒரு லேத் என்று தெரிந்துகொள்கிற ஆயிரக்கணக்கான எண்கள்... எல்லாம். காலையில் போட்டால் வெறும் திரைதான் வர வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய பேட்டரி அது.

"கடைசியா யாரு மாத்தினது?"

பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த சின்னத் தாளை தூ டார்ச்சில் படித்தார். மாற்றிய மாதமும் வருஷமும் பேனாவில் எழுதியிருந்தது. பாவ்ஜூ படுக்கையில் விழுவதற்கு முந்தைய மாதம்.

"இது செத்து மூணு வருஷமாவது இருக்கும்" என்றார் தூ. "தினமும் காலைல எல்லாம் சரியாத்தான் வந்துச்சுன்னு சொல்றே. அப்போ..." வெற்றிலைப்பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "அப்போ ராத்திரி முழுக்க யாரோ ஞாபகம் வச்சிருந்து, காலைல திருப்பிக் குடுக்குறாங்க."

சிரிக்கப் பார்த்தார். எங்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் எழுதியது ஏன் மறுநாள் இல்லை என்று. அதை ஞாபகம் வைத்துக்கொள்ள யாரும் இல்லை.

தூ பையைத் திறந்தார். புது பேட்டரி கையோடு இருக்கிறது, இரண்டு நிமிஷ வேலை, போட்டுவிட்டால் அப்புறம் எந்தத் தொந்தரவும் இருக்காது என்றார்.

"வேண்டாம்" என்றார் என் கணவர்.

"போடாம யாரு வாங்குவா?"

"விக்கல."

பெட்டிக் கதவை அவரே சாத்தினார். சத்தம் வராமல், தூங்குகிறவர்கள் இருக்கிற அறைக் கதவைச் சாத்துவது போல. அவர் முகத்தைப் பார்த்தேன். பயம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. என்னைப் பெண் கேட்க வந்த அன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

நான் இன்னும் போகவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும், வழக்கம்போல மெயினை அணைக்க எழுந்தேன். எனக்கு முன்பே அவர் போய் அணைத்திருந்தார், ராத்திரிக்கு எல்லாவற்றையும் அவளிடம் ஒப்படைக்கிற மாதிரி.